எண்ணெய் மருந்தல்ல, அளந்து ஊத்துவோம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், செக்கு எண்ணெய்த் தொழிற்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "எண்ணெயும் சர்க்கரை நோயும்". நான் டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. செக்குல கடலை ஆட்டுறவ. ஏழு வருஷமா எனக்கும் சர்க்கரை இருக்கு. அந்த ரெண்டு தகுதியிலதான் பேச வந்திருக்கேன். மூணாவதா ஒரு காரணமும் இருக்கு. நான் செஞ்ச ஒரு தப்பை இந்தச் சபையில சொல்லணும். அதையே முதல்ல சொல்லிடறேன்.

நம்ம கூட்டமைப்புல கடன் வாங்கி எங்க குழு செக்கு போட்டது உங்களுக்கெல்லாம் தெரியும். பாட்டில்ல ஒட்டுறதுக்கு லேபிள் அடிக்கணும், வாசகம் எழுதிக் கொடுங்கன்னு அச்சகத்துல கேட்டாங்க. குழுவுல பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவ நான் ஒருத்திதான். என்கிட்ட கொடுத்தாங்க. அந்த வாரம் செல்போன்ல ஒரு தகவல் வந்திருந்தது. யார் எழுதினது, எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கல. "மரச்செக்குக் கடலை எண்ணெய். சர்க்கரை நோய்க்கு உகந்தது" என்று எழுதிக் கொடுத்துட்டேன். பாட்டில் நல்லா வித்தது. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நிறைய பேர் வாங்கினாங்க.

பக்கத்து ஊர்க் குழுவுல ஒரு அக்கா. அவங்க அனுமதி கேட்டுத்தான் சொல்றேன், பேரைச் சொல்ல மாட்டேன். இதே கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்க நம்ம எண்ணெயை வாங்கினாங்க. எண்ணெயே சர்க்கரைக்கு உகந்ததுன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டாங்க. நாலு மாசம் ஆச்சு. நாத்து நடப் போன இடத்துல கால் விரல்ல ஒரு சின்னக் கீறல். ஆறவே இல்ல. ஆஸ்பத்திரியில பார்த்தப்ப சர்க்கரை 400-க்கு மேல. கட்டை விரலுக்குப் பக்கத்து விரலை எடுத்துட்டாங்க.

பார்க்கப் போனேன். என்னைத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. "நீ படிச்ச பொண்ணு, சரியாத்தான் எழுதியிருப்பேன்னு நெனச்சேன்மா" அப்படின்னாங்க. திட்டியிருந்தா அன்னிக்குத் தூங்கியிருப்பேன்.

அன்னையிலிருந்து இந்த விஷயத்தை விட முடியல. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அம்மாவைக் கேட்டேன். மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டு வர்ற தங்கச்சியைக் கேட்டேன். அந்தத் தங்கச்சியும் நம்மள மாதிரி ஒரு குழு உறுப்பினர்தான். படிக்கத் தெரிஞ்ச வரைக்கும் படிச்சேன். புரிஞ்சுக்கிட்டதை நம்ம பாஷையில சொல்றேன்.

முதல்ல இன்சுலின்னா என்ன? ரத்தத்தை வாய்க்கால்னு வச்சுக்கோங்க. நாம சாப்பிட்ட சோறு சர்க்கரையா மாறி, தண்ணி மாதிரி அதுல ஓடுது. நம்ம சதைதான் வயல். வயலுக்குத் தண்ணி பாயணும்னா மடை திறக்கணும். மடை திறக்குற ஆள்தான் இன்சுலின். வயித்துக்குள்ள கணையம்னு ஒரு உறுப்பு இருக்கு, அதுதான் இந்த ஆளை அனுப்பி வைக்குது.

இப்ப மடைவாயில வண்டல் சேர்ந்துடுச்சுன்னு வைங்க. ஒரு ஆள் திறக்க முடியல. ரெண்டு ஆள், மூணு ஆள் வேணும். கணையமும் சளைக்காம ஆள் அனுப்புது. இதைத்தான் டாக்டருங்க "இன்சுலின் எதிர்ப்பு"ன்னு சொல்றாங்க. அந்தச் சமயத்துல டெஸ்ட் எடுத்தா சர்க்கரை சரியாத்தான் காட்டும். ஏன்னா மூணு ஆள் சேர்ந்து மடையைத் திறந்துடறாங்க. வருஷக்கணக்குல இப்படியே போனா கணையம் ஓய்ஞ்சு போகுது. அப்பத்தான் வாய்க்கால்ல தண்ணி தேங்கி, டெஸ்ட்ல 200, 300-னு வருது. நமக்குச் சர்க்கரை வந்தது அன்னிக்குத்தான்னு நெனைக்கிறோம். வண்டல் சேர ஆரம்பிச்சு பல வருஷம் ஆகியிருக்கும்.

அந்த வண்டல் எது? உடம்பு செலவழிச்சது போக மிஞ்சின கொழுப்பு. தோலுக்கு அடியில இருக்குற கொழுப்பு அவ்வளவு கெடுதல் பண்றதில்ல. இடம் இல்லாம ஈரல்லயும் சதையிலயும் போய்ச் சேருதே, அதுதான் இன்சுலினை வேலை செய்ய விடாம மறிக்குது. ஈரல் ஒரு ஏரி மாதிரி. ராத்திரி நாம சாப்பிடாத நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையைத் திறந்து விடும். போதும், மதகை மூடுன்னு சொல்றதும் இன்சுலின்தான். ஈரல்ல கொழுப்பு படிஞ்சா அந்தப் பேச்சு அதுக்குக் காது கேக்காது. ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலியே, காலையில வெறும் வயித்துல எப்படி 160-னு நாம கேக்கறோம் இல்லையா, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இதுல எண்ணெய் எங்க வருது? ரெண்டு இடத்துல வருது. எவ்வளவு ஊத்தறோம், எதை ஊத்தறோம்.

எதை ஊத்தறோம்ங்கறதை முதல்ல பார்ப்போம். ஏன்னா நாம எல்லாரும் சண்டை போடுறது அதுக்குத்தான். எண்ணெய்ல உறையுற கொழுப்பு, உறையாத கொழுப்புன்னு ரெண்டு உண்டு. புத்தகத்துல நிறைவுற்ற கொழுப்பு, நிறைவுறாத கொழுப்புன்னு போட்டிருப்பாங்க. மார்கழி மாசம் காலையில அலமாரியைத் திறந்து பாருங்க. தேங்காய் எண்ணெய் கல்லா இருக்கும். அதுல நூத்துக்கு 90 பங்கு உறையுற வகை. பாமாயில் கொழகொழன்னு தடிச்சிருக்கும், அதுல 40 பங்குக்கு மேல. கடலை எண்ணெய்ல ஏறக்குறைய 20, நல்லெண்ணெய்ல 15, சூரியகாந்தியில 10, 12. இது மூணும் அப்படியே ஓடும்.

உறையுற கொழுப்பைக் குறைச்சு, அந்த இடத்துல உறையாத கொழுப்பைச் சேர்த்தா இன்சுலின் கொஞ்சம் நல்லா வேலை செய்யுது. இது ஆராய்ச்சியில தெரிஞ்ச விஷயம். 102 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்து 2016-ல ஒரு கட்டுரை வந்தது. அந்த ஆய்வுகள்ல கலந்துக்கிட்டவங்க 4,000 பேருக்கு மேல. சூரியகாந்தி, நல்லெண்ணெய் மாதிரி எண்ணெய்கள்ல இருக்குற உறையாத கொழுப்பு, மாவுச்சத்துக்குப் பதிலாவோ உறையுற கொழுப்புக்குப் பதிலாவோ வந்தப்ப, மூணு மாசச் சராசரிச் சர்க்கரை இறங்கியிருக்கு. எவ்வளவு? நூத்துக்கு 5 பங்கு சாப்பாட்டை அப்படி மாத்தினா, 8-னு இருக்குற கணக்கு 7.9 ஆகும், அவ்வளவுதான். நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா மாத்திரையைத் தூக்கிப் போடுற அளவுக்கு நல்லதா? இல்லவே இல்ல.

இன்னொரு ஆய்வு 2001-ல வந்தது. அஞ்சு நாட்டுல, சர்க்கரை இல்லாத 162 பேருக்கு மூணு மாசம் சாப்பாட்டை மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. பாதிப் பேருக்கு வெண்ணெய் மாதிரி உறையுற கொழுப்பு. பாதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெய் மாதிரி உறையாத கொழுப்பு. வெண்ணெய்க்காரங்களுக்கு இன்சுலின் வேலை செய்யுற திறன் 10 சதவீதம் குறைஞ்சு போச்சு. மத்தவங்களுக்குக் குறையல. இதுவரைக்கும் நாம எதிர்பார்த்ததுதான். இதுக்கு அடுத்த வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வச்சது. சாப்பாட்டுல மொத்தக் கொழுப்பு 37 சதவீதத்துக்கு மேல போனவங்களுக்கு, நல்ல எண்ணெய் சாப்பிட்டும் அந்தப் பலன் கிடைக்கல.

அக்கா தங்கச்சிகளே, இன்னிக்கு நான் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு வீட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா இதைக் கொண்டு போங்க. அளவு மீறினா நல்ல எண்ணெயும் நன்மை செய்யாது.

இப்ப நம்ம தொழிலுக்கே கொஞ்சம் எதிரா ஒண்ணு சொல்லணும். செக்குல ஆட்டினாலும் மில்லுல சுத்திகரிச்சாலும் கடலை எண்ணெய்ல இருக்குற கொழுப்பு ஒரே கொழுப்புதான். ஒரு கிராமுக்கு 9 கலோரி, அதுவும் ஒண்ணுதான். செக்கு எண்ணெய்ல வாசனை இருக்கு, ருசி இருக்கு, சுத்திகரிக்கும்போது குறைஞ்சு போற சில சத்துக்கள் தங்கியிருக்கு. ரெண்டரை கிலோ பருப்பு போட்டாத்தான் ஒரு லிட்டர் வரும், அதனாலதான் இந்த விலை. நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுறோம். கலப்படம் இல்லன்னு எங்களால கைநீட்டிச் சத்தியம் பண்ண முடியும். இதையெல்லாம் சொல்லி விக்கலாம், இதெல்லாம் உண்மை. சர்க்கரையைக் குறைக்கும்னு சொல்லி விக்கக் கூடாது. ரீஃபைண்ட் ஆயில் சாப்பிட்டதாலதான் ஊருக்கெல்லாம் சர்க்கரை வந்துச்சுன்னும் சொல்லக் கூடாது. சூரியகாந்தி எண்ணெய் இன்சுலினைக் கெடுக்குதுன்னு அந்த ஆய்வுகள் சொல்லல.

ரேஷன் பாமாயில் வாங்குறவங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்குற எண்ணெயை விட்டுட்டு, செக்கு எண்ணெய்தான் வாங்கணும்னு கூலி வேலைக்குப் போற ஒரு தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். அதையே அளவா ஊத்துங்க. முடிஞ்சப்ப ஒரு அரை லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கி, தாளிக்கிறதுக்கு ஒண்ணு, தோசைக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் பயன்படுத்துங்க. கண்ணு மூக்கு தெரியாம ஊத்துற செக்கு எண்ணெயை விட, அளந்து ஊத்துற பாமாயில் மோசமில்ல.

இப்ப அளவு. ஹைதராபாத்துல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கு. உட்கார்ந்து வேலை செய்யுற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் எண்ணெய், நடுத்தரமா உழைக்குறவங்களுக்கு 25 கிராம், கடுமையா உழைக்குறவங்களுக்கு 30 கிராம்னு அவங்க கணக்கு. நெய், வனஸ்பதி எல்லாம் இதுக்குள்ளதான் அடக்கம். கிராமை நாம எங்க போய் நிறுக்குறது? வீட்டுல குழந்தைக்கு வாங்கின சளி மருந்து பாட்டில் மூடி இருக்கும். அதுல 5 மில்லின்னு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வரைக்கும் எண்ணெய் ஊத்தினா ஏறக்குறைய நாலரை கிராம். அப்போ உட்கார்ந்து வேலை செய்யுறவங்களுக்கு நாலு மூடி. காட்டு வேலை, நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு அஞ்சு, ஆறு மூடி. காலை தோசையிலிருந்து ராத்திரி பொரியல் வரைக்கும் எல்லாம் சேர்த்து.

என் வீட்டுக் கணக்கைச் சொல்றேன். நாங்க நாலு பேர். செக்கு நம்மளது, எண்ணெய்க்கு என்ன பஞ்சம்? மாசம் 5 லிட்டர் போய்க்கிட்டு இருந்தது. அஞ்சு மூடிக் கணக்குப்படி பார்த்தா நாலு பேருக்கு மாசம் 3 லிட்டர்தான். ரெண்டு லிட்டர் அதிகம். அந்த ரெண்டு லிட்டரைப் பிரிச்சுப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 கிராம், 135 கலோரிக்கு மேல. தினம் ரெண்டு மூணு இட்லி அதிகமாச் சாப்பிட்ட மாதிரி. வயிறு நிறைஞ்சதும் தெரியாது, சாப்பிட்டதும் தெரியாது. வண்டல் இப்படித்தான் சேருது.

குறைக்குறதுக்கு நான் பெரிசா ஒண்ணும் பண்ணல. மாசத்துக்குன்னு 3 லிட்டரைத் தனி டப்பாவுல எடுத்து வச்சேன். தோசைக்கல்லுல டம்ளரால ஊத்துறதை விட்டு, பாதி வெங்காயத்தைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பிச்சேன். கத்தரிக்காயை ஆவியில வேக வச்சுட்டுக் கடைசியில தாளிச்சேன். அப்பளத்தைச் சுட்டேன். முதல் மாசம் 20-ஆம் தேதியே டப்பா காலி. வீட்டுக்காரர் "செக்குக்காரி வீட்டுல எண்ணெய்க்கு ரேஷனா?"ன்னு கேட்டார். மூணாவது மாசம் 28-ஆம் தேதி வரைக்கும் வந்தது. இப்ப மாசக் கடைசியில கொஞ்சம் மிஞ்சுது.

எண்ணெயைக் குறைச்சுட்டேன்னு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டா கணக்கு நேராயிடும், அதையும் மறக்காதீங்க. எண்ணெய், சோறு, நடை, மாத்திரை, நாலும் சேர்ந்துதான் வண்டி ஓடும். இதுக்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வர்ற விளிம்புல இருந்த 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு 2006-ல முடிவை வெளியிட்டாங்க. ஒண்ணும் செய்யாம வழக்கம்போல இருந்தவங்கள்ல 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துடுச்சு. கொழுப்பு, மாவுச்சத்து, இனிப்பைக் குறைச்சு, நார்ச்சத்தைக் கூட்டி, தினம் நடந்தவங்கள்ல 39 பேருக்குத்தான் வந்தது. 100-க்கு 16 பேர் தப்பிச்சிருக்காங்க. அந்தப் பதினாறு பேரும் விலை உசந்த எண்ணெய் வாங்கித் தப்பிக்கல.

நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கு, 13 கோடிப் பேருக்கு மேல விளிம்புல இருக்காங்கன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு 2023-ல சொல்லிச்சு. இந்தப் பந்தல்லயும் விளிம்புல இருக்குறவங்க இருப்பாங்க, அவங்களுக்கே தெரியாது. நம்ம தையல் குழுவுல டேப் இருக்கு. இடுப்பைச் சுத்தி அளந்து பாருங்க. 80 சென்டிமீட்டருக்கு மேல, அதாவது முப்பத்தொண்ணரை அங்குலத்துக்கு மேல இருந்தா ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. பின்கழுத்து மடிப்புல வெல்வெட் மாதிரி கருத்துப் போயிருந்தா அழுக்குன்னு பீர்க்கங்காய் நாரால தேய்க்காதீங்க, டெஸ்ட் எடுங்க. கர்ப்பமா இருந்தப்ப சர்க்கரை வந்து போனவங்க, சினைப்பையில நீர்க்கட்டி இருக்குற பெண் பிள்ளைங்க, அவங்களும் எடுக்கணும்.

பலகாரக் கடை, கேன்டீன் நடத்துற குழுக்களுக்கு ஒண்ணு. காய்ஞ்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க. எண்ணெய் கெட்டுப் போறதுக்கு அரசாங்கமே ஒரு வரம்பு வச்சு, 2018 ஜூலையிலிருந்து சட்டமாக்கியிருக்கு. கறுத்து, நுரை கட்டி, அடுப்புல வச்ச உடனே புகையுற எண்ணெயில மறுநாள் வடை சுடக் கூடாது. அந்த வடையை வாங்கித் திங்குறதும் நம்ம ஊர்ப் பிள்ளைங்கதான்.

கடைசியா லேபிள் விஷயத்துக்கு வர்றேன். ஒரு உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும்னு லேபிள்ல போடுறதை 2018 உணவுப் பாதுகாப்பு விதிமுறை தடை பண்ணியிருக்கு. சர்க்கரை நோயைக் குணமாக்கும்னு மருந்து விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954-லேயே ஒரு சட்டம் இருக்கு. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். சட்டம் தெரியாதது ஒரு பக்கம். தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி எழுதினேனே, தப்பு அங்கதான்.

எங்க குழுக் கூட்டத்துல தீர்மானம் போட்டு அந்த வரியை எடுத்துட்டோம். மிச்சம் இருந்த 600 லேபிளைக் கிழிச்சோம். விற்பனை குறைஞ்சது, அதை மறைக்க விரும்பல. ரெண்டு மாசம் கடன் தவணை கட்டவே சிரமப்பட்டோம். "எல்லாரும் போடுறாங்களே, நாம மட்டும் ஏன்?"னு குழுக்குள்ளேயே கேட்டாங்க. நியாயமான கேள்விதான். இப்ப லேபிள்ல "அளவோடு பயன்படுத்தவும். மருந்தை நிறுத்த வேண்டாம்" என்று போட்டிருக்கோம். எண்ணெய் விக்கிறவளே கம்மியா ஊத்துன்னு சொல்றாளேன்னு சந்தையில சிரிச்சாங்க. சிரிச்சவங்கள்ல கொஞ்சம் பேர் இப்ப மாசா மாசம் வாங்கறாங்க.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூணு. ஒண்ணு, நம்ம பேர்ல போற எந்தப் பொருள்லயும், எண்ணெயோ சத்துமாவோ மூலிகைப் பொடியோ, நோயைக் குணமாக்கும்னு ஒரு வரிகூட இருக்கக் கூடாதுன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதணும். ரெண்டு, ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டத்துல சேமிப்பு, கடன் கணக்கோட, வீட்டுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் போச்சுன்னு ஒரு கணக்கும் கேக்கணும். பைசா பைசாவா எழுதி வைக்கப் பழகின நமக்கு இது கஷ்டமே இல்ல. மூணு, மாத்திரையை யாராவது நிறுத்தினா குழுவுக்குத் தெரியணும். தவணை கட்டலன்னா வீடு தேடிப் போறோம் இல்லையா, மாத்திரை போடலன்னாலும் தேடிப் போகணும்.

அந்த அக்கா இப்ப மாத்திரை ஒழுங்காப் போடறாங்க. செருப்பு போட்டுத்தான் வயலுக்குப் போறாங்க. எண்ணெய் இன்னமும் எங்ககிட்டதான் வாங்கறாங்க. போன மாசம் வந்தப்ப ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "அரை லிட்டர் போதும்மா, நாங்க ரெண்டு பேர்தானே, பாதி நாள் ரேஷன் எண்ணெய்"னு சொல்லிட்டு, லேபிளைத் திருப்பி ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் பையில வச்சாங்க.

எல்லாருமே அப்படிப் படிச்சுப் பார்த்துத்தான் வாங்கணும். படிக்குறவங்க நம்புற மாதிரி நாம எழுதணும்.